மீட்டர் பச்சையில்தான் இருந்தது

வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்யும்போது, மழையைவிட, நாயைவிட, நடுவில் போன் அடிக்கிறவரைவிட அதிகமாக வேலையைக் கெடுப்பவை இரண்டு குமிழ்கள். ஒன்று ப்ரீஆம்ப்பில் இருக்கிறது, இன்னொன்று ரெக்கார்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் கெயின்தான், ஒலியைக் கூட்டிக் குறைப்பவை. அதனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மற்றபடி நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. என் மனைவியின் அண்ணன் எனக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. கல்யாணமான புதிதில் வைத்தது, இன்றுவரை மாற்றவில்லை.

விஷயம் சுலபமானது. மைக்கிலிருந்து வருகிற ஒலி மிகவும் சன்னமானது. யாராவது அதைத் தூக்கிவிட வேண்டும். கையில் எடுத்துப்போகிற சின்ன ரெக்கார்டருக்கும் தூக்கத் தெரியும், ஆனால் கூடவே ‘ஸ்’ என்று ஓர் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். அதனால்தான் ப்ரீஆம்ப் என்று தனியாக ஒரு பெட்டியை நடுவில் வைக்கிறோம். தூக்குகிற வேலையை அது பார்க்கட்டும், ரெக்கார்டர் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ப்ரீஆம்ப்பைக் குறைத்து ரெக்கார்டரைக் கூட்டினால் இரைச்சல் வரும். ப்ரீஆம்ப்பை அளவு மீறிக் கூட்டி ரெக்கார்டரைக் குறைத்தால் வேறொரு சங்கடம். ரெக்கார்டரின் வாசலிலேயே ஒலி கிழிந்துவிடும். ரெக்கார்டரின் குமிழ் அந்த வாசலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ஒலியின் அளவை விளக்கால் காட்டுகிற மீட்டர் அதற்கும் அப்பால். கிழிந்த துணியை மடித்துச் சிறிதாக்குகிற மாதிரி, கிழிந்த ஒலியைக் குமிழ் சிறிதாக்கி உள்ளே அனுப்பும். மீட்டருக்குப் பெரிதா சிறிதா என்று மட்டும்தான் தெரியும். கிழிந்ததா என்று தெரியாது. அது பாட்டுக்குப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் இந்தத் தவறைத் தெரியாமல் செய்வார்கள். நான் தெரிந்து செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். அவசரம் ஒன்றுமில்லை, முறையாகவே சொல்கிறேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சைரன் மிஸ். கழுத்தில் ஒரு விசில் தொங்கும், அது சும்மா அழகுக்கு. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று “ஏய் நீலச் சட்டை” என்று ஒரு குரல் விட்டால், அந்தக் கோடியில் நீலச் சட்டைக்காரன் நிற்பான். தன் சட்டை நீலமா பச்சையா என்று சந்தேகம் உள்ளவர்களும் நிற்பார்கள். கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிள்ளை, அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவள் குரல் போய்த் தூக்கி நிறுத்திவிடும். “ஒண்ணுமில்ல, எந்திரி, ஓடு” என்பாள். அது எழுந்து ஓடும்.

அதே குரல்தான் சாயங்காலம் வீட்டுக்கும் வரும். வீட்டில் மைதானம் கிடையாது, நான்தான் இருந்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, கூடம் முழுக்க வயரைப் பரப்பியதற்கு, குக்கர் கத்தோ கத்தென்று கத்தியும் அடுப்பை அணைக்காததற்கு என்று ஒவ்வொன்றுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்வேன். “காதுல அந்த எழவ மாட்டிக்கிட்டா, வீடு பத்தி எரிஞ்சாலும் தீ எந்த லெவல்ல எரியுதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க” என்பாள். ஒரு தொழில்காரனாக அந்தக் குரலை நான் மதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிவயிற்றிலிருந்து வரும். உடையாது, ஒரு சொல்கூட மங்காது. வேறு யாரையாவது பார்த்து அதை உபயோகித்திருந்தால் உட்கார்ந்து ரசித்திருப்பேன்.

பிறகு அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் தொட்டுத் தொட்டு, நிறையச் சுற்றி வளைத்தார். அவள் பாதியிலேயே நிறுத்தினாள். குரல் போகுமா, உயிர் போகுமா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். குரல்பெட்டியை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்றார் அவர். அப்படியானால் எடுத்துவிடுங்கள், இதற்கா இவ்வளவு நேரம் என்று எழுந்து வந்துவிட்டாள். வெளியே வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“பிள்ளைங்கள இனிமே எப்படிங்க கூப்பிடுவேன்?” என்றாள்.

எனக்கும் அழுகை வந்தது. இதை மறந்துவிடாதீர்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒருவர் இருந்தார். குரல் போவதற்கு முன்பே அதைப் பதிவு செய்து அனுப்பினால், அதை வைத்து ஒரு செயற்கைக் குரலைச் செய்து தருகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். டேப்லெட்டில் எழுத்தைத் தட்டினால் அது அவள் குரலிலேயே பேசும். சாந்தமாகப் பேசியதையும் உரக்கப் பேசியதையும் தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டு விதமாகவும் பேசும். கொடுக்காததைப் பேசாது. தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டோம். டேப்லெட்டை மைதானத்து ஒலிபெருக்கியில் இணைத்து, பிள்ளைகளைக் கட்டி மேய்க்க அவளால் முடிந்தால் வேலை அவளுக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று வண்டியில் வரும் வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“ஊருல கண்டவன் பேச்சையெல்லாம் புடிச்சீங்க,” என்றாள். “ஒரு தடவ என்னைப் புடிங்க. நல்லா புடிங்க.”

நன்றாகப் பிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பதிவைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டோம். ஜன்னலிலும் அலமாரியிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன், அதற்கும் திட்டு விழுந்தது. அவள் வாய்க்கு எதிரே நல்ல மைக், அது ப்ரீஆம்ப்பின் முதல் வழியில், வழி என்பது சேனல், ஒவ்வொன்றுக்கும் தனிக் குமிழ். மேசை விளக்கின் கழுத்தில் ஒரு சின்ன மைக், அது இரண்டாவது வழியில், தாழ்ந்த அளவில். கொசு மாதிரி அதென்ன அங்கே என்று கேட்டாள். சும்மா, ஸ்பேர் என்றேன். பெரிய மைக் காலை வாரிவிட்டால் கைகொடுக்க இன்னொன்று இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் கடைப்பிடிக்கிற பழக்கம்.

அளவு வைக்கும்போது முதலில் ஆளைக் கத்தச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசச் சொல்லி வைத்தால் பிறகு மாட்டிக்கொள்வோம். கத்து என்றேன், கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. அந்தக் கத்தலுக்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டு ப்ரீஆம்ப்பை வைத்தேன். ரெக்கார்டரின் குமிழை அதற்கேற்ற இடத்தில் வைத்து, இரண்டு குமிழ்களும் அசையாமல் இருக்க ஆளுக்கொரு துண்டு டேப் ஒட்டினேன்.

மீட்டர் பார்க்கவும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பச்சை நல்லது, மஞ்சள் பரவாயில்லை, சிவப்பு எரிந்தால் போச்சு, திரும்பப் பேச வேண்டும். தன் குரலைப் போட்டுக் கேட்பது அவளுக்குப் பிடிக்காது. அவளுக்கே அவளைக் கேட்டால் பயமாக இருக்குமாம். அதனால் மீட்டர்தான் அவளுக்குச் சாட்சி. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எட்டிப் பார்ப்பாள். பச்சை என்றால் கட்டைவிரலைத் தூக்குவாள்.

முதல் நாள் சாந்தமானவை. ‘இன்று வெயில் அதிகமாக இருக்கிறது’, ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தலைமையாசிரியரிடம் லீவு கேட்கும்போது மட்டும் வருகிற குரல் ஒன்று அவளிடம் உண்டு. அதில் படித்தாள். வெண்ணெய் மாதிரி வந்தது. அந்த நாளைப் பற்றி யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் உரத்தவை. ‘தயவுசெய்து யாராவது உதவிக்கு வாருங்கள்’ என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள். இப்படி யார் கத்துவார்கள் என்று கேட்டாள். சொந்தமாகவும் பேசலாம் என்று பயிற்சி அம்மா சொல்லியிருந்தார். ஆனால் கம்பளியைப் பார்த்துக் கத்த இவளுக்கு வரவில்லை.

“நீங்க எதிர்ல வந்து உக்காருங்க. உங்க மூஞ்சியப் பாத்தா தன்னால வரும்” என்றாள்.

உட்கார்ந்தேன். வந்தது.

துண்டில் ஆரம்பித்து வயருக்குப் போனாள். மகள் பள்ளி விழாவில் பாடியபோது நான் மகளைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். ரயில் நிலையத்தில் மைக் பெட்டியை மட்டும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு, அவளை நடைமேடையில் விட்டுவிட்டு நான் புறப்பட்ட கதையைச் சொன்னாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் களை வந்தது. கையை வீசி வீசிப் பேசினாள். நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு என் அம்மாவிடம் போனாள். கல்யாணமான புதிதில், சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், இவள் குரலைக் கேட்டால் பெண்பிள்ளை மாதிரியா இருக்கிறது என்று என் அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு பழைய வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“ஒரு வார்த்த சொல்லலையே நீங்க,” என்று கத்தினாள். “வயரச் சுத்திக்கிட்டே இருந்தீங்க. சுத்தி முடிச்சிட்டு, பிரிச்சு, மறுபடியும் சுத்தினீங்க.”

ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது எதிரே இருப்பவர் எதிரே இருந்து பேசுவதில்லை. நம் மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசுவார். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். உண்மை என்பதால்தான் சுட்டது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் யாருக்கும் தெரியாது. என்னிடம் இருக்கிற நல்ல குணங்களில் அது ஒன்று.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அந்த இடைவெளியில் நான் நிதானமாகத்தான் யோசித்தேன். மனிதக் குரலுக்கு ஒரு வசதி உண்டு, அது கட்டிக்கொள்ளும். சளி பிடிக்கும், தூக்கம் வரும், வயதாகும். டேப்லெட்டுக்கு இதெல்லாம் கிடையாது, சார்ஜ் போட்டால் போதும். மீதி ஆயுள் முழுக்க இந்தக் கூடத்துக் கதையை, இதே தெளிவில், அதுவும் நானே பிடித்துக் கொடுத்த குரலில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தன் முதுகுக்கு வேண்டிய பிரம்பைத் தானே சீவிக் கொடுக்கிறவன் எங்கேயாவது உண்டா? அவள் உயிருக்கோ உடம்புக்கோ நான் ஒரு கேடும் செய்யப் போவதில்லை. குரலில் பாதியைக் குறைக்கிறேன், அவ்வளவுதான். இனிமையான பாதி அப்படியே இருக்கிறதே.

டேப்புகளைப் பிரித்தேன். ப்ரீஆம்ப்பின் முதல் வழியை நன்றாகக் கூட்டினேன். அதே அளவுக்கு ரெக்கார்டரைக் குறைத்தேன். டேப்புகளைத் திரும்ப ஒட்டி, நகத்தால் நீவிவிட்டேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். “பச்சையில இருக்கா?” என்றாள். இருக்கிறது என்றேன். ஒரு வாக்கியத்தைக் கத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பச்சையில்தான் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கினாள். என் காதில், சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி இருந்தது அந்த வாக்கியம். நானும் கட்டைவிரலைத் தூக்கினேன்.

அதன் பிறகு அவள் என்னைத் திட்டவே இல்லை. இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. “போதும், உங்கள விட்டுர்றேன், பாவம்” என்று சிரித்துவிட்டு எழுந்து நின்றாள். கம்பளிக்கு அந்தப் பக்கம் மைதானம் இருக்கிற மாதிரி தூரத்தைப் பார்த்தாள். பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். நீலச் சட்டையைக் கூப்பிட்டாள். வரிசையாக நிற்கச் சொன்னாள். விழுந்தால் என்ன, எழுந்திரு, திரும்பிப் பார்க்காதே, ஓடு, ஓடு என்று கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டி இருந்த பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டே கத்தினாள். ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து விரலைத் தூக்கினாள். குரல் கம்மிப்போகும் வரை விடவில்லை.

குமிழைத் திருப்பி வைக்க எனக்கு இடம் இருந்தது. நடுவில் ஒருமுறை மூக்கைச் சிந்தப் போனாள். இன்னொரு முறை யாரோ அழைப்புமணி அடித்தார்கள், அவள்தான் போய்ப் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. நான் அளவை மறக்கிற ஆள் இல்லை.

முடிந்ததும் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். அருமையாக வந்திருக்கிறது என்றேன்.

“இதான் கடைசி, இல்லீங்க?” என்றாள்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

சாந்தமானவற்றை உடனே அனுப்பிவிட்டேன். உரத்தவற்றை அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். நெட் சரியாக இல்லை என்றேன், பிறகு ஃபைல் பெரிதாக இருக்கிறது என்றேன். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் அனுப்பினேன். அதிலும் என்னைத் திட்டிய பகுதியை அனுப்பவில்லை. அது பழுதில்லாமல் இருந்தது, குமிழைத் தொடுவதற்கு முன்னால் பதிவானது. ஆனால் குடும்ப விஷயத்தை ஊரார் உட்கார்ந்து கேட்பதா? யாராக இருந்தாலும் அதை வெட்டித்தான் வைப்பார்கள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் வார்டில் இருந்தபோது பயிற்சி அம்மா என்னை வெளியே கூப்பிட்டு, உரத்தவை எல்லாம் கிழிந்திருக்கிறதாம், ஒன்றும் தேறவில்லையாம் என்றார். சாந்தமான குரலை மட்டும் செய்திருக்கிறார்கள். ரெக்கார்டர் பழையது, வெயிலில் ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தேற்றினார். மைத்துனர் வந்து தோளில் கை போட்டார்.

“விடுங்க மாப்பிள்ள,” என்றார். “நீங்க என்ன, வேணும்னேவா பண்ணீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயில்லாப்பூச்சி என்று பெயர் வாங்கியதில் சில சௌகரியங்கள் இருக்கின்றன.

அவளிடம் நான்தான் சொன்னேன். தலையணையில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு டேப்லெட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, என்னைத் திட்டியதையாவது அனுப்பக் கூடாதா என்று தட்டினாள். அதுவும் அப்படித்தான் கிழிந்திருக்கிறது என்றேன். என் தலையில் கை வைத்தாள். இன்னொரு கையால் தட்டினாள். “விடுங்க. உங்க தப்பு இல்ல” என்றது டேப்லெட், லீவு கேட்கிற குரலில். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஈரத் துண்டைப் பார்த்துவிட்டு விடுவிடுவென்று தட்டுவாள். “எருமமாடு, எத்தன தடவ சொல்றது” என்பதை அது, வாங்க, உட்காருங்க, என்ன சாப்பிடுறீங்க என்று விருந்தாளியைக் கேட்கிற மாதிரி சொல்லும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. வெளியூரில் இருக்கிற மகள் போனில் அந்தக் குரலோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அப்பாவிடம் கொடு என்றாள். “அம்மா என்னைத் திட்டவே மாட்டேங்குறாங்கப்பா” என்று என்னிடம் அழுதாள். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் மைதானத்துக்கு நானும் கூடப் போனேன். டேப்லெட்டை ஒலிபெருக்கியில் இணைத்து அளவுகளை நானே வைத்தேன், மிகச் சரியாக வைத்தேன். பிள்ளைகள் முதலில் மரியாதையாகத்தான் நின்றார்கள். அவள் தட்டினாள். “ஓடு” என்றது ஒலிபெருக்கி, இந்த நாற்காலியில் உட்காருங்கள் என்று சொல்கிற தொனியில். யாரும் ஓடவில்லை. இன்னும் கூட்டச் சொல்லி எனக்குக் கை காட்டினாள். கூட்டினேன். சாந்தமான குரலை எவ்வளவு கூட்டினாலும் பெரிதாகும், உரத்ததாகாது. அது வேறு, இது வேறு. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அப்புறம் மைதானமே சிரித்தது. அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண் கால் இடறி விழுந்தாள். இவள் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்து அது “ஒண்ணுமில்ல, எந்திரி” என்று உபசரித்தபோது, அந்தப் பெண் அழ ஆரம்பித்திருந்தாள், வேறொரு ஆசிரியை அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். இவள் விசிலை எடுத்து உதட்டில் வைத்தாள். ஊதுவதற்கு மூச்சு இனிமேல் வாய் வழியாக வராது, கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் வரும் என்பதை அவளும் அந்த நிமிடம் மறந்துபோயிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வயரைச் சுற்றினேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். நூலகத்தில் உட்காருங்கள் டீச்சர், அங்கே இந்தக் குரல் ரொம்பப் பொருத்தமாக இருக்கும் என்றார். இப்போது அங்கேதான் போய் வருகிறாள்.

வீட்டில் தட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். டேப்லெட் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம் என்று துண்டை நன்றாக நனைத்து, பிழியாமல், அவள் தலையணை மேல் போட்டேன். வந்து பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கொடியில் காயப்போட்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூடம் முழுக்க வயரைப் பரப்பி வைத்தேன். தாண்டித் தாண்டிப் போனாள். குக்கரைக் கத்தவிட்டேன். தானே வந்து அணைத்தாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கில் உட்கார்ந்திருந்த அந்தக் கொசு மைக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது வழி, தாழ்ந்த அளவு. அந்தக் குமிழை நான் தொடவில்லை. அதில் எல்லாம் இருக்கிறது. நீலச் சட்டை, வரிசையாக நில், விழுந்தால் என்ன, ஓடு, ஓடு. ஒரு கீறல் இல்லை. என்னைத் திட்டியதையும் சேர்த்தால், உரத்த குரலைச் செய்வதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கிறது. எப்போது அனுப்பினாலும் செய்து தருவதாகப் பயிற்சி அம்மா சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது பதிவு இருக்கிறதா, பழைய போன், கல்யாண வீடியோ, தேடிப் பாருங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். தேடுகிறேன் என்கிறேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுத்தால் மைதானத்துக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு, மகளுக்கு, கடைக்காரருக்கு என்று ஆளாளுக்குப் பங்கு போய்விடும். இத்தனை வருடம் அதை முழுசாக வாங்கிக்கொண்டவன் நான். பத்திரமாக வைத்திருப்பவனும் நான்தான். அவள் நூலகத்துக்குப் போன பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்கிறேன். தொழில்காரனுக்குப் பழைய பதிவுகளைச் சரிபார்க்கிற பழக்கம் உண்டு. துண்டு, வயர், ரயில் நிலையம் எல்லாவற்றையும் கேட்பேன். கூடத்துக் கதையைக்கூட இப்போது தள்ளிவிடுவதில்லை. அதைக் கேட்டால்தான் பசிக்கிறது.

நேற்று அவள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் அவள் முழுக்குரலில் துண்டைப் பற்றி என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

“எடுத்துர்றேம்மா,” என்று வாய்விட்டுச் சொன்னேன். “இதோ எடுத்துட்டேன், கத்தாத.”

எழுந்து கட்டிலில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், அறை வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து நிதானமாகத் தட்டினாள்.

“யாரோட பேசறீங்க?” என்றது அது, இனிமையாக.

“யாரோடவும் இல்ல” என்றேன்.

என் காதில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே நிற்கிறவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்லெட்டைக் கட்டிலில் வைத்தாள். கிட்டே வந்தாள். கையை நீட்டினாள்.

எதைக் கேட்கிறாள் என்று புரியாதவன் மாதிரி, துண்டைக் கொடுத்தேன்.